பற்றரியை மட்டும் விட்டுச் செல்லவும்

புளியங்குளம்
திகதி: 01.01.2002

திருத்த வேலைகளுக்குப் பொறுப்பான அலுவலகத்தின் பெருமதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணிக்கு,

விடயம்: எழும்ப மறுக்கும் கணினி

மேலே உள்ள திகதி எழுத்துப்பிழை அல்ல. எங்கள் சனசமூக நிலையத்துக் கணினி ஒவ்வொரு காலையும் இந்தத் திகதியோடுதான் கண் விழிக்கிறது. அதன் கணக்கில் போரால் மூடிய ஏ9 பாதை இன்னும் திறக்கவில்லை. வவுனியாவிலிருந்து திருத்துநர் ஒருவரும் வர வழியில்லை. உங்கள் தாமதத்துக்கு இதைவிட நல்ல காரணம் எங்களுக்குத் தோன்றவில்லை. வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நோயின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மாரி தொடங்கிய நாளிலிருந்து, பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். உங்களுக்கு எழுதினோம். "இயந்திரத்தின் வகை, பெற்ற ஆண்டு, பழுதின் தன்மை ஆகியவற்றை அறியத்தரவும்" என்று பதில் வந்தது. அறியத்தந்தோம். அதற்குள் அந்த அதிகாரி இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அடுத்தவரும் வகை, ஆண்டு, தன்மை கேட்டார். மூன்றாமவரும் ஓர் எழுத்து மாறாமல் அதையே கேட்டார். இடையில் பொருட்கணக்கெடுப்புக் குழு ஒன்று வந்தது. கணினி மேசையில் இருப்பதைக் கண்ணால் கண்டது. பதிவேட்டில் "நல்ல நிலை" என்று எழுதியது. தேநீர் குடித்துப் போனது. பொத்தானை ஒருவரும் அழுத்தவில்லை.

ஆகவே பெட்டியை நாங்களே திறந்தோம். மன்னிக்கவும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இரண்டு துளி பெற்றோலைக் காட்டி எழுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. எழும்பாத எதையும் கண்டால் கை சும்மா இருக்காது.

உள்ளே செம்மண் புழுதி. மூலையில் எறும்புகள், அனுமதிப்பத்திரம் இல்லாமல் குடியேறியிருந்தன. மதர்போட்டில் கப்பாசிற்றர்களின் தலை வீங்கியிருக்கிறதா என்று பார்த்தோம். 2000களின் முற்பகுதியில் செய்த பலகைகளில் அந்த வியாதி உலகம் முழுக்கப் பரவியிருந்தது, எங்களுடையது தப்பியிருந்தது. பிறகு றாமைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினோம். பெட்டி நீளமாகக் கத்தியது. சந்தோசப்பட்டோம். றாம் இல்லை என்று கத்தத் தெரிகிறதென்றால் மதர்போட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியின் அழிறப்பரை வாங்கி, றாமின் பொன்னிறப் பற்களைத் தேய்த்துப் பூட்டினோம். ஒரேயொரு சின்னச் சத்தம். திரை வெளித்தது.

கரண்ட் வந்ததும் கணினி முதல் வேலையாகத் தன்னைத் தானே விசாரிக்கும். றாம் உண்டா? விசைப்பலகை உண்டா? குறை இருந்தால் மூடி மறைக்காது, எல்லோருக்கும் கேட்கக் கத்தும். 1981இல் வந்த ஐபிஎம் தனிக்கணினியிலேயே இந்தப் பழக்கம் இருந்தது. அலுவலகங்களுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

திரை வந்ததே தவிர, கணினி மேலே போகவில்லை. திகதி தெரியாது, எந்தத் தட்டிலிருந்து எழும்புவது என்றும் தெரியாது என்று நின்றது. எல்லாம் சொல்லிக்கொடுத்தோம், அன்று முழுக்க ஒழுங்காக ஓடியது. இரவு இடிமழைக்குப் பயந்து பிளக்கைக் கழற்றினோம். விடிந்தால் மறுபடி 2002. குற்றவாளி, பலகையில் பதிந்திருக்கும் ஒரு பற்றரி. பெயர் சீஆர்2032, 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்று பெயரே அளவைச் சொல்லும். 3 வோல்ற்று. கரண்ட் இல்லாத வேளையில் நேரத்தையும் அமைப்புகளையும் மறக்காமல் வைத்திருப்பதுதான் அதன் உத்தியோகம். அது செத்தால், பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் கணினி பிறந்த குழந்தை.

அப்போதுதான் உங்கள் மூன்று கடிதங்களின் பொருளும் எங்களுக்கு விளங்கியது. ஐயா, உங்கள் அலுவலகத்துக்கும் அதே வருத்தம்தான். அங்கே இடமாற்றம் என்பது பிளக்கைப் பிடுங்குவது. கோப்பு அலுமாரியில் இருக்கிறது, ஞாபகம் இல்லை. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு.

நான்காவது கடிதம் மட்டும் புதிதாக இருந்தது: "இயந்திரம் பழமையானது, கழித்துவிடலாம்." பழமையானதுதான். அதில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசொஃப்ட் நிறுவனமே 2014 ஏப்ரல் 8ஆம் திகதி கைகழுவிவிட்டது. ஆனால் 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில், அதே 2014இன் ஒக்டோபரில் எங்கள் ஊரைத் தாண்டி மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. தண்டவாளமே இல்லாமல் கிடந்த பாதையைப் பார்த்து, பழசு, கழித்துவிடலாம் என்று ஒருவரும் எழுதவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டதோ சில்லறைக் காசளவு பற்றரி ஒன்றுதான்.

அதையும் நாங்களே வவுனியாவில் வாங்கிவிட்டோம். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. கொட்டேசன் மூன்று கேட்கவில்லை. முன்பு சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையில் ஒருவரும் மறித்துப் பையைக் கிளறவும் இல்லை. தடைக் காலத்தில் ரோச் பற்றரி ஒரு சோடிகூடக் கொண்டுவர முடியாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு அது பெரிய விசயம். அந்தப் பயணத்தில் எங்கள் கிழவர் ஒருவர் பற்றரியைப் பழைய பழக்கத்தில் மடிக்குள் முடிந்து கொண்டுவந்தார்.

இந்தக் கடிதத்தைப் பழைய திகதியோடு எழுதி முடித்த பிறகுதான் பற்றரியைப் பூட்டப்போகிறோம். அடுத்த கணக்கெடுப்பில் ஒரு சிக்கல் வரும்: பதிவேட்டில் இல்லாத பற்றரி ஒன்று பதிவேட்டில் உள்ள கணினிக்குள் இருக்கும். விளக்கம் கேட்டு எழுதுவீர்கள். வகை, ஆண்டு, தன்மை எல்லாம் அறியத்தருவோம். பிறகும் கழிப்பதென்று தீர்மானித்தால் பெட்டியைத் தாராளமாக ஏற்றிக்கொண்டு போங்கள்.

பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனால் போதும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சனசமூக நிலையத்து வாசகர்கள்

பிரதி: அடுத்த இடமாற்றத்தில் வரப்போகும் அதிகாரிக்கு, முற்கூட்டியே.