கொப்பி அடித்த கதை

இலங்கையின் பொகவந்தலாவையில் பென்டிரைவில் கள்ளக் கேம் கொண்டு திரியும் தம்பிக்குப் புத்தி சொல்லப் போனேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தையும் சொன்னேன். அவன் கணக்குச் சொன்னான்: 2021இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் போராடிப் பெற்ற நாட்சம்பளம் 1000 ரூபாய், புதுக் கேம் 60 டாலர், அன்றைக்கு ஏறக்குறைய 12,000 ரூபாய். அம்மா பன்னிரண்டு நாள் கொழுந்து பறித்தால் ஒரு கேம்!

வாங்கினாலும் சில கேம்களின் பூட்டு, "இன்டர்நெட் எங்கே?" என்று மறிக்கும். மலையில் மழை இறங்கினால் சிக்னல் ஏறாது. காசு கொடுத்தவன் காத்திருப்பான். கள்ளக் கொப்பிக்காரன் மூன்றாம் லெவலில் இருப்பான்.

திருட்டு தப்புதான், தம்பி. ஆனால் 1848இல் மாறுவேடத்தில் சீனாவுக்குள் புகுந்து, தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கடத்திய ராபர்ட் பார்ச்சூனிடம் யாரும் லைசன்ஸ் கேட்கவில்லை. நீ அடித்த கொப்பி ஒரு கேம். அவர் அடித்தது ஒரு தொழில்.