மிளகுப் பெருக்க இயல்

மிளகைப் பெருக்கும் வழி இரண்டு: வித்தால் பெருக்குதல், தண்டால் பெருக்குதல். கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ சுற்றுலா போனவர் காப்பித் தோட்டத்தில் ஒரு முழம் மிளகுக்கொடி ஒடித்து மஞ்சள்பைக்குள் செருகிக்கொண்டு திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையோரத்து அடி அண்ணாமலைக்குத் திரும்புவதை மூன்றாவதாகச் சேர்ப்பாரும் உளர். அது களவியலின்பாற் படும் என்று விலக்குக.

வித்து வழியைச் சுருக்கமாகக் கூறுவாம். பழுத்த மிளகு முளைக்கும். மளிகைக்கடை மிளகு, காயாகவே பறித்துக் காயவைத்தது, ரசத்துக்கே ஆகும். பழுத்தது முளைத்தாலும் பிள்ளை தாயைப் போல இருக்காது. புது ரகம் தேடுவோர்க்கு மட்டும் அந்தக் குறையே நிறை. கேரளத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் இரண்டு நாட்டு ரகங்களை இணைத்து 1971-இல் வெளியிட்ட பன்னியூர்-1 தான் மிளகில் முதல் கலப்பினம்.

இனித் தண்டு. அது நான்கு வகைப்படும்: தரையில் ஓடுவது, மரத்தில் ஏறுவது, பக்கத்தில் கிளைத்துக் காய்ப்பது, மேலிருந்து தொங்குவது. தொங்குவதை நாற்றுக்கு நாடுவார் குறைவு. அதை இங்கே விடுக்க.

ஓடுகொடியே ஊரறிந்த முறை. நன்கு காய்க்கும் தாய்க்கொடியின் அடியில் ஓடுபவை மண்ணில் வேர் பிடிக்காதபடி குச்சி நட்டு அதில் சுருட்டி வைப்பர். பிப்ரவரி, மார்ச்சில் அறுத்து, இளநுனியையும் முற்றிய அடியையும் கழித்து, நடுத்துண்டை இரண்டு மூன்று கணுவாக நறுக்கிப் பையில் நடுவர். மழைக்காலத்துக்குள் நாற்று தயார். அவசரக்காரருக்கு இலங்கையில் தோன்றிய மூங்கில் முறை உண்டு: பிளந்த மூங்கிலில் தென்னைநார்க் கழிவை நிரப்பிச் சாய்த்து வைத்து, கொடியை அதன்மேல் ஏறவிட்டால் கணுதோறும் வேர்விடும். பின் ஒவ்வொரு கணுவும் ஒரு நாற்று. ஆண்டுக்கு ஒன்று நாற்பதாகும் என்பது கணக்கு. கொடியை வரிசையாக வைத்த பைகளின்மேல் ஓடவிட்டு, கணுதோறும் ஈர்க்குச்சியால் மண்ணில் அழுத்தி வைப்பது பாம்பு முறை. மூங்கில் கிடைக்காதவர்க்கு இதுவே நன்று.

ஏறுகொடியின் துண்டு முன்னதாகவே, அடியிலிருந்தே காய்க்கும். ஆயினும் தாயின் தலையை வெட்டவேண்டும் என்பதால் தோட்டக்காரர் தரமாட்டார்.

மீதி காய்க்கும் பக்கக்கிளை. அறுத்து நட்ட பின்னும் தான் கொடியின் எந்த உறுப்பு என்பதை மிளகு மறவாது. ஓடுகொடித் துண்டு மறுபடி மரம் தேடி ஏறும். பக்கக்கிளைத் துண்டு ஏறவே ஏறாது, நின்ற இடத்தில் புதராகிக் காய்க்கும். வேர்விடத் தயங்கும், வேர்ப்பொடி தொட்டு நட்டுப் பொறுத்திருக்க வேண்டும். அமெரிக்க வெப்பமண்டலத்துக் காட்டு மிளகினமொன்றின் வேரில் இதை ஒட்டுக்கட்டுவதும் உண்டு. அந்த வேர் வாடல்நோயைத் தாங்கும்.

கிரிவலப் பாதையோரத்துச் சித்திரை வெயில், ஈரமும் நிழலும் கேட்கும் மிளகுக்கு ஏற்றதன்று. தென்னையில் ஏற்றிவிட்ட கொடி இங்கே பெரும்பாலும் இலையைத்தான் தரும். ஆகவே அடி அண்ணாமலைக்குரிய விதி ஒன்றே: வீட்டு நிழலில், தண்ணீர் தேங்காத தொட்டியில் புதர்மிளகு. நாற்றுப்பண்ணையில் பக்கக்கிளையில் எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். வெறுமனே மிளகுச்செடி என்றால் ஓடுகொடி நாற்றைத்தான் கட்டிக் கொடுப்பார்கள்.