கொழுந்து கிள்ளிய விரல்கள்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நுணுக்கமான விரல் வேலை என்று தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் சிக்க வேண்டும். தண்டு கசங்கக் கூடாது. முற்றின இலை கூட வந்துவிடக் கூடாது. என் அம்மாயி இதை இரண்டு கையாலும், பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டே, செடியைப் பார்க்காமல் செய்வாள். சம்பள நாளில் பதிவேட்டை நீட்டினால் அதே கட்டைவிரலை மையில் தோய்த்து உருட்டுவாள்.

பென்சிலுக்கு வேண்டிய பிடி அவளிடம் முழுதாக இருந்தது. பென்சிலைத்தான் யாரும் கொடுக்கவில்லை. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அந்தத் தலைமுறைப் பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறுவதில்லை.

எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. அதற்கு முன்னால் பிள்ளைக்காம்பரா. தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் வந்தது அது. ஆயாம்மா பால் கொடுப்பார், தூங்க வைப்பார். எழுத்துச் சொல்லித்தர அங்கே ஆள் கிடையாது. ஆனால் கைக்கு ஓய்வே இருக்காது. பச்சைப் பட்டாணியின் முதுகை அமுக்கிப் பிளந்து, பெருவிரலை உள்ளே ஓட்டி மணிகளைத் தள்ளுவோம். மலைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துத் தோலுரிப்போம். கற்பூர மரத்துக் காயின் மூடியைப் பொறுக்கி, விரல்நுனியால் திருகித் தரையில் சுழல விடுவோம். யாருடையது கடைசிவரை நிற்கிறது என்பதற்குப் பெரிய சண்டையே நடக்கும். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் படம் போட்டு அடி வாங்குவோம். நின்றுகொண்டு சுவரில் வரையும்போது மணிக்கட்டு பின்பக்கம் மடங்கி நிற்கும். எழுதும்போது மணிக்கட்டு இருக்க வேண்டிய நிலையும் அதுதான். அடித்தவர்களுக்கும் தெரியாது, அடி வாங்கிய எங்களுக்கும் தெரியாது.

ஐந்து வயது தாண்டித்தான் சிலேட்டைக் கையில் எடுத்தோம். கை தயாராக இருந்ததால் எழுத்து வந்தது. எல்லோருக்கும் நல்லபடியாக வந்தது என்று சொல்லமாட்டேன். இடது கையால் குச்சி பிடித்த ஒரு பையனின் முட்டியில் ஸ்கேலால் அடித்து வலது கைக்கு மாற்றினார்கள். அவன் எழுதுவதையே வெறுத்துப்போனான்.

இப்போது குன்னூரில் என் அக்கா பேத்திக்கு மூன்றரை வயது. நர்சரியில் நாலு கோட்டு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாண்டிங் லைன் ஒரு பக்கம், ஸ்லீப்பிங் லைன் ஒரு பக்கம், அடுத்து ஆங்கில 'ஏ' இரண்டு பக்கம். உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தேன். பென்சிலை உள்ளங்கைக்குள் வைத்து, கட்டைவிரலை மேலே சுற்றி இறுக்கியிருக்கிறாள். நகம் வெளுத்திருக்கிறது. விரல் அசையவே இல்லை. தோளிலிருந்து முழுக் கையும் நகர்கிறது. தாள் கிழிந்தால் அழுகிறாள்.

இதில் குழந்தையின் தப்பு ஒன்றுமில்லை. மணிக்கட்டில் எட்டு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு தென்படவே ஒன்பது, பத்து வயது ஆகலாம். வலுவும் தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கித்தான் விரலுக்கு வருகிறது. மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து விரலை மட்டும் அசைத்து எழுதும் பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் அமைகிறது. நேர்கோடு இரண்டு வயதில் வரும். வட்டம் மூன்றில், கூட்டல் குறி நாலில் வரும். சாய்கோடு எல்லாவற்றுக்கும் பிந்தியது. அப்படியிருக்க, இரண்டு சாய்கோடு சேர்ந்த 'ஏ'தான் முதல் பாடம். தமிழில் சுழியும் வளைவுமாக இருக்கிற 'அ', 'இ' அதைவிடக் கஷ்டம். நின்ற கோடும் படுத்த கோடும் மட்டும் போதும் என்கிற 'ட', 'ப' இருக்கும்போது அவற்றிலிருந்து தொடங்கினால் என்ன?

விரலுக்கு வலு வரட்டும் என்று பேத்தியின் அம்மா ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். மணி கோக்க நூல், பஞ்சு உருண்டை எடுக்க இடுக்கி, எழுத்துப் போட மணல் தட்டு. நல்ல சாமான்தான், நல்ல விலையும்கூட. அந்த மணல் தட்டைப் பார்த்ததும் ஆண்ட்ரூ பெல் ஞாபகம் வந்தார். 1789இல் சென்னை ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற பாதிரியார் அவர். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, அதைத் தன் இல்லத்தில் புகுத்தினார். 1797இல் லண்டனில் தன் கற்பித்தல் முறையைப் பற்றிப் புத்தகம் போட்டார். மணலெழுத்தும் அடங்கிய அந்த முறை மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அந்த இல்லமே பின்னாளில் ஊட்டி லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளியோடு சேர்க்கப்பட்டது. நம் மணல் ஊர் சுற்றிவிட்டு அட்டைப்பெட்டியில் நம் மலைக்கே திரும்பியிருக்கிறது. வரட்டும், ஆனால் பெட்டி வாங்க முடியாத வீட்டுக் குழந்தைக்கு இது கிடைக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் டீச்சரம்மா முழு சாக்பீஸைப் பிள்ளைகளிடம் கொடுப்பதே இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒடித்துத்தான் கொடுக்கிறார். அவ்வளவு சின்னத் துண்டை உள்ளங்கையில் வைத்து எழுதவே முடியாது. மூன்று விரல் தானாக வந்து பிடித்துக்கொள்கிறது. பழைய பேப்பரைக் கிழிக்க விடுகிறார், சப்பாத்தி மாவு பிசைய விடுகிறார், அவரையையும் மொச்சையையும் கலந்து கொட்டிப் பிரிக்க விடுகிறார். "எழுத்து எங்கேயும் ஓடிப்போகாதுங்க" என்றார் என்னிடம். கொழுந்துக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் அவர்கள். அந்த அம்மாக்கள் கையிலும் இப்போது கத்தரிதான். கிள்ளிப் பறிப்பது குறைந்துவிட்டது.

பூண்டும் பட்டாணியும் கடையில் உரித்தே கிடைக்கிற வீட்டில் குழந்தையின் விரலுக்கு என்ன வேலை மிச்சம்? அதனால் அக்கா மகளிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: உரிக்காத பட்டாணி வாங்கு, சட்டைப் பித்தானை அவளே போடட்டும், நேரமானாலும் பரவாயில்லை. பள்ளிக்கும் போய்ப் பேசினோம். ஐந்து வயது வரைக்கும் நாலு கோட்டு நோட்டு வேண்டாம், அந்த நேரத்துக்குக் களிமண் கொடுங்கள், தரையில் சாக்பீஸால் பெரிசாக எழுத விடுங்கள் என்று கேட்டோம். இன்னொன்றும் கேட்டோம்: டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலத்தில் முதல் பீரியடில் எழுதச் சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கே விரல் மடங்காத குளிர். முதலில் பாட்டுப் பாடிக் கைதட்டட்டும், வெயில் ஏறின பிறகு எழுதட்டும்.