குழாயை விட்டுவிடு, குடித்தவனைப் பிடி

மஞ்சள் காமாலை கண்டவரை நம் ஊரில் முதலில் பரிசோதிப்பவர்கள் சொந்தக்காரர்கள். "வெளியில எங்கப்பா சாப்பிட்ட?" என்று ஆரம்பிப்பார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் 'பி' என்றோ 'சி' என்றோ வந்துவிட்டால் குரல் தாழ்ந்துவிடும். "பையனுக்குப் பழக்கம் ஏதாவது..." என்று பாதியில் நிறுத்தி, மீதியை நம் கற்பனைக்கு விடுவார்கள். யார் ஈரலில் கிருமி புகுந்ததோ அவனேதான் முதல் குற்றவாளி. குழாயைக் கூண்டில் ஏற்றிய வழக்கு உண்டா? ஊசிக்குச் சம்மன் போனதுண்டா?

1955 கடைசியில் டெல்லியில் நடந்தது இது. வெள்ளத்துக்குப் பிறகு யமுனை போக்கை மாற்றிக்கொண்டது. நஜஃப்கர் வாய்க்கால் சுமந்துவந்த சாக்கடை, ஆற்றோடு கீழே போகாமல், வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாய்க்கே திரும்பி வந்தது. நிலையத்தில் குளோரினைக் கூட்டினார்கள். பலன் இருந்தது, டைபாய்டும் சீதபேதியும் கூடவில்லை. பாக்டீரியா செத்தது, வைரஸ் தப்பித்தது. சுமார் 29,300 பேருக்குக் காமாலை. நாடாளுமன்றம் இருக்கிற ஊர், ஐந்தாண்டுத் திட்டம் தீட்டுகிற ஊர், தன் மலத்தைத் தானே குழாயில் வாங்கிக் குடித்தது. நோய் கண்டவர்களில் கர்ப்பிணிகள் அதிகமாக இறந்தார்கள். அன்று சேமித்துவைத்த ரத்தத்தைக் கால் நூற்றாண்டு கழித்துச் சோதித்தபோதுதான் இது ஹெபடைடிஸ் 'ஏ' இல்லை என்று தெரிந்தது. 'இ' என்ற பெயர் அதற்கும் பின்னால் வந்தது. வைரஸுக்குப் பெயர் வைக்கத்தான் அவ்வளவு காலம் தேவைப்பட்டது. வாய்க்காலுக்கு அன்றைக்கே பெயர் இருந்தது.

பாடம் படித்தோமா? 1991இல் கான்பூரில் அதே 'இ', அதே குடிநீர் வழி. இந்த முறை சுமார் 79,000 பேர். முன்னேற்றம் என்றால் இதுவல்லவா முன்னேற்றம்!

'ஏ'யும் 'இ'யும் "மாசடைந்த நீர், உணவு வழியாகப் பரவும்" என்று அரசுத் துண்டறிக்கை நாசூக்காகச் சொல்லும். எனக்கு அந்த நாசூக்கு வராது. ஒருவர் மலம் இன்னொருவர் வாய்க்குள் போக வேண்டும், அதுதான் வழி. அதற்கான ஏற்பாட்டை நாம் மண்ணுக்கடியில் செய்து வைத்திருக்கிறோம். சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் தோள் உரசிக்கொண்டு கிடக்கும். தண்ணீரோ நாளுக்கு ஒரு மணி நேரம், சில ஊர்களில் வாரத்துக்கு ஒரு நாள். தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கும். விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். மறுநாள் குடத்தோடு வரிசையில் நிற்பவருக்கு முதல் மரியாதை அந்தச் சொட்டுதான். "காய்ச்சிக் குடியுங்கள்" என்று அறிவிப்பு வரும். குழாயைப் பழுதுபார்க்க வேண்டியவர் அறிவுரை சொல்வார். தண்ணீர் வரி கட்டியவர் கேஸுக்கும் கட்டுவார். அந்த அறிவிப்பை முடிவு செய்த கூட்டத்தில் மேசைமேல் இருப்பது பாட்டில் தண்ணீர்.

'ஏ', 'இ' இரண்டும் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அதனால் மந்திரித்தவர், பத்தியம் சொன்னவர், வேர் கட்டியவர் எல்லோருக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு வெற்றி. கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. சென்னை ஆய்வாளர்கள், 'பி' வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, அதை 'பி'க்குக் கொடுத்துப் பார்த்து 1988இல் லான்செட் இதழில் நம்பிக்கையோடு எழுதினார்கள். பின்னால் நடந்த சோதனைகளில் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. இதைச் சொன்னால் நான் தமிழ் மருத்துவத்தின் துரோகி. இருந்துவிட்டுப் போகிறேன்.

'பி', 'சி' இரண்டும் வேறு சாதி. ரத்தத்தில் ஏறி, சத்தமில்லாமல் இருபது முப்பது ஆண்டு ஈரலைத் தின்னும். வயிறு வீங்கிக் கண்டுபிடிக்கும்போது ஊசி போட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். ஆம், ஊசி. "ஊசி போடலன்னா அவரு என்ன டாக்டர்?" என்று கேட்கிற நாடு இது. 2004 வாக்கில் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கோடி ஊசி போடப்படுவதாகவும், அதில் 62.9 விழுக்காடு பாதுகாப்பற்றது என்றும் சொன்னது. 2009இல் குஜராத்தின் சபர்காந்தா மாவட்டத்தில், மொடாசா வட்டாரத்தில், 'பி' பரவி 80 பேருக்கு மேல் செத்தார்கள். விசாரித்தால், ஒருவருக்குக் குத்தியதையே அடுத்தவருக்கும் குத்திய மருத்துவர்கள் அகப்பட்டார்கள். குப்பைக்குப் போன சிரிஞ்சுகள் மறுபடி விற்பனைக்கு வரும் வியாபாரமும் வெளிச்சத்துக்கு வந்தது. செத்தவர்களுடைய "பழக்கம்" என்ன? காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிற கெட்ட பழக்கம்.

('டி' என்று ஒன்றும் உண்டு. தனியாகத் தொற்ற வக்கில்லாதது. 'பி'யின் மேலுறையைக் கடன் வாங்கித்தான் உள்ளே நுழையும், நுழைந்த பின் 'பி'யைவிட ஆட்டம் போடும். கூட்டணி அரசியல் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.)

'பி' உள்ளவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது, கட்டிப்பிடித்தாலும் தொற்றாது. ஆனால் வீட்டில் அவருக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. தொற்றாத தட்டைப் பிரித்து வைத்துவிட்டு, தொற்றக்கூடிய ஊசிக்கு இடுப்பைக் காட்டுகிற சுத்தபத்தம் நம்முடையது. சலூனில் பழைய பிளேடுக்குக் கழுத்தையும் கொடுப்போம்.

கர்ப்பத்தில் பரிசோதித்து 'பி' என்று தெரிந்த மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடும் குடும்பங்களை என்ன செய்வது? அவளுக்கு அது அவள் பிறந்த நேரத்தில் தாயிடமிருந்தே வந்திருக்கலாம். பிரசவத்தின்போது தொற்றும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேரிடம் 'பி' நிரந்தரமாகத் தங்கிவிடும். தொப்புள்கொடி அறுக்கும் முன்பே அந்தச் சிசுவுக்கு என்ன நடத்தைக் கேடு, மாமியாரே? பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசி, அதோடு இம்யூனோகுளோபுலின், பிறகு மிச்சத் தவணைகள், பெரும்பாலும் தடுத்துவிடலாம். 1980களிலேயே உலகத்துக்குக் கிடைத்துவிட்ட தடுப்பூசி நம் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான இலவசத் திட்டத்தில் சேர்ந்தது 2011இல். கோப்பு நகர்ந்த வேகத்தைவிட வைரஸ் வேகமாக நகர்ந்தது. அதற்குக் கையெழுத்து தேவைப்படவில்லை.

ஜூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி நாள். ப்ளம்பெர்க் பிறந்த நாள். பேனர் கட்டுவார்கள், மாணவிகளைப் பதாகையோடு வெயிலில் நடக்கவிடுவார்கள், உறுதிமொழி வாசிப்பார்கள். ஊர்வலம் போன தெருவின் குப்பைத் தொட்டியில், ஏதோ கிளினிக் வீசிய ஊசியைத் தூய்மைப் பணியாளர் ஒருவர் வெறுங்கையால் பொறுக்கிக்கொண்டிருப்பார். 'பி' உள்ள ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகும். அவருக்கு மூன்று தவணை போட்டாயிற்றா என்று மேடையில் இருப்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள். அவர் ஒப்பந்தத் தொழிலாளி, ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள் என்பார்கள். ஒப்பந்தக்காரரைக் கேட்டால், "அவனுக்குப் பழக்கம் இருக்குங்க" என்பார்.