பந்தியில் முந்தும் பொதிகள்

செஞ்சியில் கணினி மையம் வைத்திருக்கும் நண்பரின் பழைய கணினிகளுக்கு டெபியன் லினக்ஸ் ஏற்றப் போனேன். அதற்கு 'பிரிசீட்' என்றொரு கோப்பு உண்டு. மொழி, நேரம், வட்டுப் பிரிவு என நிறுவி கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் அதில் முன்கூட்டியே பதில் எழுதிவிடலாம். பெண் பார்க்கும் முன்பே சம்மதம் சொல்வது மாதிரி.

லிப்ரெஆபிஸும் தமிழும் போதும் என்று எழுதினேன். வந்ததோ மென்பொருள் பொதிகளின் ஊர்வலம்! 'சார்ந்தவை' சம்பந்தி வீடு, தவிர்க்க முடியாது. 'பரிந்துரைக்கப்பட்டவை' சம்பந்தியின் ஒன்றுவிட்ட தம்பி. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லாதவரை டெபியன் அவருக்கும் இலை போட்டுவிடும்.

நிமிர்ந்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையைத் தண்ணீர் குடிக்க வைத்த மலை. உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான பிளவு, குறுக்கே மரப்பாலம். பாலத்தை எடுத்தால் ஆள் ஏற முடியாது.

எனக்கும் புத்தி வந்தது. 'பரிந்துரை வேண்டாம்' என ஒரு வரி சேர்த்துப் பாலத்தை எடுத்தேன். ஒன்றுவிட்ட தம்பிகள் ஒழிந்தார்கள். மறுநாள் நண்பர் கூப்பிட்டார்: "திரையில தமிழுக்குப் பதிலா கட்டம் கட்டமா வருதே சார்!"

எழுத்துருவும் பிளவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டதாம்.