பம்பாய் நேரம்

ஜாதகம் தபாலில் பயணம் செய்த காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய நீளக் காகிதம், மடித்து மடித்து மடிப்பெல்லாம் பிய்ந்து, திருநெல்வேலிச் சீமையில் ஏதோ ஒரு கிராமத்துத் தபால்பெட்டியில் விழுந்து, மெட்ராஸில் வண்டி மாறி, தாதரில் இறங்கி, மாட்டுங்காவில் எங்கள் ஒண்டுக்குடித்தன வாசலுக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதை அம்மா சாமி படத்துக்குக் கீழே வைத்து நல்ல நாள் பார்க்க இன்னொரு வாரம். ஜோசியர் பார்த்துச் சொல்ல மூன்றாவது வாரம். அதற்குள் ஊரிலிருக்கும் பெரியம்மா, பெண்ணின் தாய்மாமன் குடிப்பானா, சித்தப்பன் கோர்ட்டுக்கு அலைகிறானா, பெண் சிரித்த முகமா என்பதையெல்லாம் விசாரித்து, இன்லண்ட் லெட்டரின் ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதித் தள்ளியிருப்பாள். கிரகங்கள் ஒன்பதும் வாயைத் திறப்பதற்கு முன்பே இந்தச் சம்பந்தம் நடக்குமா நடக்காதா என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோகும். அதற்குத் தகுந்தபடி கிரகங்களைப் பேசவைக்கத்தான் ஜோசியர்.

இப்போது என் அண்ணன் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள். அவள் அம்மா அடுக்களையில் நின்றபடி ஒரு கையால் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே மறுகைக் கட்டைவிரலால் செல்போனைத் தட்டுகிறாள். குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் மூன்று மாப்பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒருவனுக்குப் பத்துக்கு நாலு பொருத்தம், ஒருவனுக்கு ரஜ்ஜு இல்லை, மூன்றாமவனுக்குச் செவ்வாய். அவன் மூக்கும் முழியும் எப்படி, அவன் தாய்மாமன் குடிப்பானா, ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை, பாவம். அதற்குள் நாலாமவன் வந்துவிட்டான்.

இதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு ஒரு தனித் தகுதி உண்டு. நான் வேலை பார்த்தது டிராம்பேயில், அணு ஆராய்ச்சி நிலையத்தில். 1972இல் சேர்ந்தபோது இருந்த அந்த இளைஞனை இப்போது எதிரில் பார்த்தால் நானே ஒதுங்கிப் போய்விடுவேன். கதிர்வீச்சு அளக்கும் ஃபிலிம் பேட்ஜை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறதே, அதைச் சட்டையில் குத்திக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி ஒரு நடை நடக்க முடியவில்லையே என்பதுதான் அவனுடைய ஆகப்பெரிய துக்கம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் விபூதி பூசியிருந்தால் போதும், இலங்கையில் ஆபிரகாம் கோவூர் என்றொரு மனிதர் ஒரு லட்ச ரூபாய் பந்தயம் கட்டியிருப்பதையும் அதை வாங்க ஒரு ஜோசியருக்கும் துப்பில்லை என்பதையும் செம்பூரிலிருந்து சயான் வரைக்கும் விளக்குவான். சயானில் அவர் இறங்கிவிடுவார். உண்மையில் அவர் தாதர் போகிறவராகக்கூட இருந்திருக்கலாம்.

வீட்டில் அந்தப் பிரசங்கம் எடுபடவில்லை. ஒருநாள் அம்மாவுக்கு அரை ஆயுளைப் பற்றிச் சொன்னேன். கோபால்ட் 60 என்று ஒன்று உண்டு, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பார்களே அது. இன்றைக்கு இருக்கும் அணுக்களில் பாதி 5.27 வருஷத்தில் சிதைந்திருக்கும், இதில் மாற்றமே கிடையாது. ஆனால் எந்த அணு, எந்த நிமிடம் என்று கேட்டால் உலகத்தில் எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது, ஆகையால் விதி என்று ஒன்றும் எழுதி வைக்கப்படவில்லை என்று முடித்தேன். அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதத்தானல எங்க ஜோசியரும் சொல்லுதாரு. எப்பம்னு சொல்ல முடியாது, ஆனா நடக்கும்" என்றாள். பிறகு கல் பொறுக்கிய அரிசியை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு, "நீ அணுவப் பாரு. நான் ஜாதகத்தப் பாக்கேன்" என்றாள்.

ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில் விதியா மதியா என்று தலைப்பு வைத்தார்கள். நம் தமிழ் விழாக்களில் வேறு என்ன தலைப்பு வைப்பார்கள்! நான் மதி அணி. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்று காவியமே பாடிய இளங்கோ, அண்ணன் இருக்கத் தம்பிதான் அரசாள்வான் என்று நிமித்திகன் சொன்னதைப் பொய்யாக்கத் துறவியாகிப் போனவர் என்றுதானே கதை, அவரே ஜோசியத்தைத் தோற்கடித்தவர்தானே என்று மேஜையைத் தட்டினேன். எதிரணிக்காரர் குறளில் 38ஆவது அதிகாரமான ஊழைத் தூக்கினார். நான் 62ஆவது அதிகாரமான ஆள்வினையுடைமையைத் தூக்கினேன். வள்ளுவர் இரண்டு பக்கமும் எழுதிவைத்துவிட்டுப் போனது பட்டிமன்றப் பேச்சாளர்கள் பிழைக்கட்டும் என்றுதான். மதியால் விதியை வெல்லலாம், ஆனால் அந்த மதி வாய்ப்பதே விதி என்று நடுவர் தீர்ப்புச் சொல்லிச் சர்க்கரைப் பொங்கலுக்கு எழுந்துவிட்டார்.

கிரகங்களைப் பற்றி எங்கள் டிராம்பேக்கு எப்போதும் இரண்டு மனசுதான். ஆசியாவின் முதல் அணு உலை என்று பேர்பெற்ற அப்சரா அங்கே உயிர்பெற்ற 1956 ஆகஸ்ட் 4 ஒரு சனிக்கிழமை. நல்ல காரியத்துக்குச் சனிக்கிழமையை நம்மில் யார் தேடிப் பிடிப்போம்? இதை நான் வெற்றிக்களிப்போடு அம்மாவிடம் சொன்னபோது உலை ஓட ஆரம்பித்து இருபது வருஷம் ஆகியிருந்தது. சனியைப் போலக் கொடுப்பாரும் இல்லை கெடுப்பாரும் இல்லை என்று அவள் அதையும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டாள். செம்பூர்க் கோயில்களின் நவக்கிரக மேடையில் இடம் கிடைக்காத மூன்று கிரகங்கள் யுரேனியம், நெப்டியூனியம், புளூட்டோனியம் என்று உருமாறி எங்கள் பக்கம் வந்துவிட்டதாக நாங்கள் கேண்டீனில் பேசிக்கொள்வோம். ஆனால் ஆயுத பூஜை அன்றைக்குப் பட்டறையில் கடைசல் இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்காமல் ஒருவரும் சுவிட்சைத் தொட்டதில்லை. நானும்தான்.

எனக்கு விவரம் தெரிந்து கிரகங்கள் மொத்தமாக மிரட்டியது 1962 பிப்ரவரியில். எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நாடெங்கும் யாகம் வளர்த்தார்கள், பயணங்களைத் தள்ளிப்போட்டார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. உலகம் அழியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், மறுநாள் கணக்குப் பரீட்சை இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து நாமே கிரகத்தைத் தேடிப் போனோம். மங்கள்யான் கிளம்பியது 2013 நவம்பர் 5, அதுவும் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.38, ராகுகாலத்துக்கு இன்னும் 22 நிமிடம் இருந்தது. போய்ச் சேர்ந்ததுதான் வேடிக்கை. 2014 செப்டம்பர் 24, புதன்கிழமை, வெற்றிச் செய்தி வந்தது காலை எட்டு மணி சுமாருக்கு, நட்ட நடு எமகண்டத்தில். அன்றைக்குச் சாயங்காலமே என் நண்பர் ஒருவர், தம் மகளின் செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரம் செய்ய வைத்தீஸ்வரன்கோயிலுக்கு டிக்கெட் எடுத்தார். டிவியில் விண்கலம் போன செய்தி ஓடிக்கொண்டிருக்க, அதைக் கைதட்டிப் பார்த்துக்கொண்டேதான் எடுத்தார்.

இதற்கெல்லாம் சிரித்துவிடலாம். சிரிக்க முடியாத ஒன்றும் டிராம்பேயில் உண்டு. எங்கள் நிலையத்துக்கு அடுத்து ஜனதா காலனி என்று ஒரு பெரிய குடிசைப் பகுதி இருந்தது, அங்கே நம் தமிழ்ச் சனம் ஏராளம். அந்த நிலம் அணுசக்தித் துறைக்குத் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்து பிழைக்க வந்த தச்சர் ஜோக்கின் அற்புதம் அந்தக் காலனிக்காக வருஷக்கணக்கில் போராடினார். குப்பை அள்ள வராத மாநகராட்சியின் வாசலில், காலனிப் பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொட்டவைத்தவர் அவர். 1976 மே மாதம், நெருக்கடிநிலைக் காலம், போலீஸ் வந்தது. ஏறக்குறைய 70,000 பேர் பெட்டி படுக்கையோடு கடற்கழி ஓரத்துச் சதுப்புக்கு, இன்றைய சீட்டா கேம்ப்புக்கு, மாற்றப்பட்டார்கள். ஜோசியத்தில் நாலாம் இடம் வீட்டைக் குறிக்கும். எழுபதாயிரம் ஜாதகத்திலும் ஒரே வாரத்தில் நாலாம் இடம் கெட்டுப்போனதா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து அணுசக்தி நகரில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது, நாலாம் இடம் பலமாக இருப்பதாக ஜோசியர் அப்போதே சொன்னார் என்றாள். இந்த முறை பதில் சொல்லாதவன் நான். ஜோக்கினுக்கு 2011இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2018இல் காலமானார். சீட்டா கேம்ப் இன்றும் அங்கேயே இருக்கிறது. விதி என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி, யாரோ எங்கேயோ ஒரு கோப்பில் போட்ட கையெழுத்து என்பது என் கட்சி. இதில் மட்டும் அந்த இளைஞனோடு எனக்கு இன்றும் சண்டை இல்லை.

மீதிக் கால்வாசிக்கு வருகிறேன். அது என் கல்யாணம். ஜோசியர் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். மடியில் வெற்றிலைப் பெட்டி, துணிப்பையில் கிரி டிரேடிங்கில் வாங்கிய இரண்டு பஞ்சாங்கங்கள், ஒன்று வாக்கியம், ஒன்று திருக்கணிதம். இரண்டும் ஒத்துப்போகாது என்பதுதான் அவருடைய முதலீடே. (இன்றும் போகவில்லை: 2025 மார்ச் 29இல் சனி மீனத்துக்குப் போய்விட்டார் என்றது திருக்கணிதம், வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில், பெயர்ச்சி 2026இல்தான் என்றது.) நான் வரமாட்டேன் என்று வீறாப்புப் பேசிவிட்டு, அம்மாவுக்குத் துணையாக என்ற பேரில் போய் நின்றேன். பெண் பிறந்தது 1953இல், இதே பம்பாயில். ஜோசியர் விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டினார், சிலேட்டில் கட்டம் போட்டார், உதட்டைப் பிதுக்கினார். "நாலுல செவ்வா." அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. ஜோசியர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மாடிப்படியின் கைப்பிடியை ஏதோ ஆராய்ச்சி செய்வதுபோல் தடவிக்கொண்டிருந்தேன். பெண்ணை நான் ஏற்கெனவே இரண்டு முறை, தற்செயலாக, பார்த்திருந்தேன்.

"பொண்ணுக்கு அப்பா என்ன வேலைம்மா?" என்றார் ஜோசியர்.

"ரயில்வே."

"பொறந்தது?"

"முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரி."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. விஷயம் இதுதான்: இந்தியா முழுக்க ஒரே நேரம் என்று 1906இலேயே வந்துவிட்டாலும், பம்பாய்க்காரர்கள் தங்கள் சொந்த நேரத்தை லேசில் விடவில்லை. அது இந்திய நேரத்துக்கு 39 நிமிடம் பின்னால் ஓடியது. ரயில்வே இந்திய நேரம். மாநகராட்சி 1955 வரைக்கும் பம்பாய் நேரம். அந்தத் தகப்பனார் மகள் பிறந்த நேரத்தைத் தம்முடைய ரயில்வே கடிகாரத்தைப் பார்த்து எழுதினாரா, ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாரா? ஆள் அனுப்பிக் கேட்டதில் அவருக்கு ஞாபகமில்லை. ஜோசியருக்கு அதுவே போதும். ஒரு லக்கினம் சுமார் இரண்டு மணி நேரம்; 39 நிமிடத்தைக் கூட்டினார், லக்கினம் அடுத்த ராசிக்கு நகர்ந்தது, நாலில் இருந்த செவ்வாய் சத்தமில்லாமல் மூன்றுக்கு வந்தது. மூன்றில் செவ்வாய் இருந்தால் தோஷமில்லை, பெண் தைரியசாலி. "இது ஆஸ்பத்திரிக் கடிகாரம்தான்மா, சந்தேகமே இல்ல" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். தைரியசாலி என்பது மட்டும் நூற்றுக்கு நூறு பலித்தது.

அந்த மனிதரை அறிவியல்படி நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஜயந்த் நார்லிகர் புனேயில் ஒரு சோதனை செய்து 2009இல் வெளியிட்டார்: கெட்டிக்கார மாணவர்கள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என்று கலந்துவைத்த ஜாதகங்களிலிருந்து ஆளுக்கு 40 கொடுத்து, எது எவருடையது என்று பிரிக்கச் சொன்னார். 27 ஜோசியர்கள் பதில் அனுப்பினார்கள். சரியாக வந்தது 46 சதவீதம். காசைச் சுண்டியிருந்தால் 50 வந்திருக்கும். நார்லிகர் சொன்னது சரி. ஆனால் எங்கள் ஜோசியர் பார்த்தது ஜாதகத்தை அல்லவே. மாடிப்படியில் நின்ற என்னை.

இன்றைய செயலிகளில் பலவற்றுக்குள் ஓடும் கிரகக் கணக்கு, நாசா விண்கலம் அனுப்புவதற்காகப் போட்ட கணக்கை அடிப்படையாகக் கொண்டது. விகலை சுத்தமான கணக்கு. வாக்கியமா திருக்கணிதமா என்று மாற்றிப் பார்க்கச் சிலவற்றில் வசதியும் உண்டு என்கிறார்கள். என் அண்ணன் மருமகளுக்கு அதைத் தேடப் பொறுமையில்லை, புளி கரைந்துவிட்டது. செயலி பெண்ணின் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்பதில்லை, யாருடைய முகம் செத்துப்போனது என்று பார்ப்பதில்லை. நாலில் செவ்வாய் என்றால் நாலில் செவ்வாய்தான். விதிக்குக் கண் இல்லை என்று அந்தக் காலத்தில் சும்மா சொன்னோம். இப்போதுதான் உண்மையிலேயே கண் இல்லாத ஒன்றைச் செய்து, மாதச் சந்தாவும் கட்டுகிறோம்.

அந்த மூன்றாவது மாப்பிள்ளையின் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மாமா, இது பர்த் சர்ட்டிஃபிகேட்டிலேயே இருக்கு" என்றாள். பம்பாய் நேரத்தில் பிறந்த கடைசிப் பிள்ளைகளுக்கும் இப்போது எழுபது வயது ஆகிவிட்டது. கல்யாணச் சந்தையில் அந்த 39 நிமிடம் இனி யாருக்கும் கிடையாது.