ஈஸ்ட் கோஸ்ட் பார்க் போகிறீர்களா? கேளுங்கள்!

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து அத்தை வந்திருக்கிறார். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் சூரியோதயம் பார்க்கணுமாம், ஐந்தரைக்கே அங்கே நிற்கணுமாம். என்ன செய்வது? (மருமகள், செங்காங்)

பதில்: கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றரை மணி நேரம் இருட்டைப் பார்க்கலாம். சிங்கப்பூரில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். 1982இல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்ததன் பலன். அத்தையிடம் இவ்வளவு விளக்க வேண்டாம். 'இந்த ஊரில் சூரியனும் அரசாங்கம் சொன்ன நேரத்துக்குத்தான் வரும்' என்று சொல்லுங்கள், உடனே நம்பிவிடுவார்.

கேள்வி: கார் இல்லை. டாக்சிக்குக் காசு கொடுக்க மனசும் இல்லை. (சிக்கனக்காரர், ஈசூன்)

பதில்: 2024 ஜூனிலிருந்து உங்களுக்காகவே ரயில் ஓடுகிறது. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் மரின் பரேட் நிலையத்தில் இறங்கி நடந்து, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் நுழைந்தால் அந்தப் பக்கம் பூங்கா. ஆனால் அதன் நீளம் சுமார் 15 கிலோமீட்டர். நண்பரிடம் 'பார்க்கில் சந்திப்போம்' என்று மொட்டையாகச் சொன்னால் அடுத்த பொங்கலுக்குத்தான் சந்திப்பீர்கள். கார் இல்லாதவருக்கும் அங்கே கார் பார்க் எண்தான் விலாசம்.

கேள்வி: இயற்கையின் மடியில் ஒரு நாள் கிடக்க ஏற்ற இடமா? (கவிஞர், ஜூரோங்)

பதில்: மடி ரெடி. இயற்கையைப் பிறகுதான் கொண்டுவந்து நட்டார்கள். 1966இல் தொடங்கிக் கடலைத் தூர்த்து எழுப்பிய நிலம் அது. பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கொண்டுவந்து கொட்டினார்கள். அதற்கு முன் காத்தோங் பங்களாக்காரர்கள் வீட்டை விட்டு இறங்கினால் கடலில் கால் நனைக்கலாம். இன்று நடுவே அடுக்குமாடிகளும் விரைவுச்சாலையும் நிற்கின்றன. கவிதையில் 'ஆதி அலை' என்று எழுதுங்கள், தப்பில்லை. 'ஆதி மணல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: புளிசாதம் கட்டிக்கொண்டு போவதா, அங்கே சாத்தே வாங்கித் தின்பதா? (குடும்பத்தலைவி, உட்லண்ட்ஸ்)

பதில்: புளிசாதம் கையில் இருக்கட்டும். லகூன் உணவங்காடியில் சாத்தே வாசனை ஆளை இழுக்கும். ஆனால் வார நாள் மதியம் போனால் பாதிக் கடைகள் கதவு திறந்திருக்காது. நீங்களே சுட நினைத்தால் பார்பிக்யூ அடுப்புக்குத் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்பதிவு செய்யுங்கள். இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் மது கூடாது, 2015லிருந்து சட்டம். இதைச் சித்தப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது குடும்ப மானத்துக்கு நல்லது.

கேள்வி: வாடகை சைக்கிள் எடுத்து இளமையைத் திரும்பப் பிடிக்கப் போகிறேன் என்கிறார் என் கணவர். (கவலையோடு ஒரு மனைவி)

பதில்: மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் பிடிக்கச் சொல்லுங்கள். சைக்கிள் பாதையின் உச்சவரம்பு அது. நாற்பதைத் தாண்டியவர்கள் இந்தச் சட்டத்தை மீறியதாகக் கேள்விப்பட்டதில்லை.

கேள்வி: மழை வந்தால்? (வழக்கமான வாசகர்)

பதில்: நனைவீர்கள். இடி மின்னல் என்றால் மரத்தடியை நம்பாமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் வரும். விடியலை விட்டு மாலையில் போவதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போன தீபாவளியிலிருந்து தேதி பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடிவாகவில்லை. அவசரமா என்ன? (குழு நிர்வாகி)

பதில்: அவசரம்தான். உயரும் கடல்மட்டத்திலிருந்து காக்க, இந்தக் கரைக்கு வெளியே சுமார் 800 ஹெக்டேருக்குப் புது நிலம் எழுப்பும் 'லாங் ஐலண்ட்' திட்டத்தை 2023 நவம்பரில் அரசு அறிவித்தது. நடுவில் அகப்படும் கடல் நன்னீர்த் தேக்கமாகிவிடும். ஆய்வுக்கே சில வருஷம், வேலை முடியப் பல பத்தாண்டு ஆகும் என்கிறார்கள். உங்கள் குழுவின் வேகத்தைப் பார்த்தால் அரசாங்கம்தான் முந்தும் போலிருக்கிறது.